கப்பல் கிளம்புவதற்குள்

அத்திப்பட்டு ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவற்றுக்கு அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம். அங்கே வந்து நிற்கும் ஒரு நிலக்கரிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். கொடி பனாமா. உரிமையாளர், மார்ஷல் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனம்; அந்த ஒரு கப்பலைத் தவிர அதற்கு வேறு சொத்து கிடையாது. நிர்வாகம் சிங்கப்பூரில். கேப்டன் உக்ரைன்காரர், மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்கள். சரக்கு இந்தோனேசியாவின் கலிமந்தானிலிருந்து வருகிறது, வாங்குபவர் சென்னையில் இருக்கிறார். தகராறு வந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி லண்டனில் நடுவர் விசாரணை என்று ஒப்பந்தம் சொல்கிறது. இத்தனை நாடுகள் சம்பந்தப்பட்ட தகராறு, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறைக்கு வெள்ளிக்கிழமை மாலை வந்து சேரும். கப்பலோ மறுநாள் இரவு கிளம்புகிறது.

அந்த அறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர் ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். எந்தப் பெட்டி இறங்கியது, எந்த மூட்டை கிழிந்திருந்தது என்று நின்று எண்ணி எழுதும் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான சட்ட வேலை என்றால் கண்ணாடிக் கட்டடம், மணிக்கணக்குக் கட்டணம் என்றுதான் இன்றைய சட்ட மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்பா செய்த வேலைக்கும் தான் செய்யும் வேலைக்கும் பெரிய தூரமில்லை என்பது இவருடைய கணிப்பு. இங்கே நடந்ததை இங்கேயே, அன்றைக்கே யார் சரியாக எழுதி வைத்தார்களோ, அவர்கள் பக்கம்தான் லண்டனிலும் சிங்கப்பூரிலும் தீர்ப்பு சாய்கிறது.

1980களின் கடைசியில் அவர் சீனியரிடம் சேர்ந்தபோது அலுவலகத்தின் மூலையில் டெலக்ஸ் இயந்திரம் ஒன்று இருந்தது. கிரேக்கக் கப்பல் முதலாளியின் கேள்வி இரவில் சுருள் சுருளாக வந்து கிடக்கும். காலையில் குமாஸ்தா கிழித்து மேசையில் வைப்பார். பதிலைச் சுருக்கி எழுத வேண்டும், நீண்டால் செலவு. ‘சுருக்கமாக எழுதக் கற்றுக்கொடுத்தது சட்டக் கல்லூரி இல்லை, அந்த டெலக்ஸ் பில்தான்’ என்பார்.

அன்றைக்குக் கப்பல் வழக்குகளுக்கு ஆதாரமாக இருந்தவை 1840, 1861 ஆண்டுகளின் ஆங்கிலேயச் சட்டங்களும் 1890ன் காலனி நீதிமன்றச் சட்டமும். சுதந்திரம் கிடைத்து நாற்பது ஆண்டுகள் ஆகியும், இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு 1890ல் என்ன அதிகாரம் இருந்ததோ அதற்கு மேல் நமக்கு இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்தை முடித்துவைத்தது எம்.வி. எலிசபெத் வழக்கு. கோவாவின் மர்மகோவா துறைமுகத்திலிருந்து 1984 பிப்ரவரியில் அந்தக் கப்பல் சரக்குக்கு உரிய பில் ஆஃப் லேடிங் என்ற ரசீதைக் கொடுக்காமலே கிளம்பிவிட்டது. சரக்கை அனுப்பியவர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியும், போன இடத்தில் வாங்குபவரிடம் ஒப்படைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அதே கப்பல் விசாகப்பட்டினத்துக்கு வந்தபோது, ஆந்திர உயர் நீதிமன்றத்தின் உத்தரவு காத்திருந்தது. வெளிநாட்டுக் கப்பலை ஏற்றுமதிச் சரக்குக்காகப் பிடித்து வைக்க இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி டெல்லி வரை போனது. உண்டு என்று 1992 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகல் கைக்கு வந்த அன்று சீனியர் மற்ற கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே படித்துக்கொண்டிருந்தது இவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கப்பலை அரெஸ்ட் செய்வது எப்படி நடக்கிறது என்று வெளியே பலருக்குத் தெரியாது. போலீஸ் வருவதில்லை, விலங்கும் கிடையாது. பிரமாணப் பத்திரம் தயாராக வேண்டும், அவசர மனு நீதிபதி முன் போக வேண்டும். உத்தரவு கிடைத்ததும் சான்றிட்ட நகலுக்கு ஒருவர் ஓட, இன்னொருவர் துறைமுக அலுவலகத்துக்கும் சுங்கத் துறைக்கும் தகவல் சொல்லக் கிளம்ப வேண்டும். துறைமுகம் அனுமதி தராவிட்டால் கப்பல் நகராது. கடைசியில் நீதிமன்ற ஊழியர் கப்பலில் ஏறி, உத்தரவைச் சுக்கான் அறையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்.

அப்படி ஒரு இரவு அவரும் கூடப் போயிருந்தார். ஆடிக்கொண்டிருந்த ஏணியில் ஏறும்போது நீதிமன்ற ஊழியர் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கண்ணாடியில் கடல் ஈரம்; ஒட்டிய தாள் நழுவி நழுவி விழுந்தது. கேப்டனே மேசை டிராயரைத் திறந்து ஒட்டுநாடாவை எடுத்துக் கொடுத்தார். பிறகு காபி வரவழைத்து, எதற்காக, எவ்வளவு, யாருக்குத் தர வேண்டியது என்று அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முதலாளி கடன் வைத்திருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். மூன்றாம் நாள் உரிமையாளர்களின் காப்பீட்டுச் சங்கம் லண்டனிலிருந்து உத்தரவாதக் கடிதம் அனுப்பியது. கப்பல் போய்விட்டது, வழக்கு மட்டும் நின்றது. பெரும்பாலான அரெஸ்ட் இப்படித்தான் முடியும். கப்பலை யாரும் ஆசைப்பட்டுப் பிடிப்பதில்லை. அதன் இடத்தில் ஒரு பிணையை வாங்குவதுதான் நோக்கம்.

ஆனால் உரிமையாளர் திரும்பியே பார்க்காத கப்பல்களும் உண்டு. பிரதிபா காவேரியைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் எலியட்ஸ் கடற்கரையில் தரைதட்டிய எண்ணெய்க் கப்பல் அது. உயிர்காப்புப் படகு கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள். புயலுக்கு முன்பே அந்த மாலுமிகளுக்குச் சம்பளம் நிலுவை. நல்ல குடிநீருக்கும் தட்டுப்பாடு என்று செய்தி வந்தது. மாலுமியின் சம்பளம்தான் கப்பல் மீதான முதல் கடன் என்பது கடல் சட்டத்தின் பழைய நெறி. 2018 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கடல்சார் வழக்குகள் சட்டம், 2017, அதை எழுத்திலேயே வைத்துவிட்டது: கப்பல் மீதான முன்னுரிமைக் கோரிக்கைகளில் முதலிடம் சம்பளத்துக்கு. மற்ற முன்னுரிமைகள் ஓராண்டில் காலாவதி ஆகும். சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு. அந்தச் சட்டத்தில் அவர் மனதார மதிக்கும் பிரிவு இதுதான். கட்டணம் தர வழியில்லாத மாலுமிகளுக்காக ஆஜராகும் வழக்கம் அந்த அலுவலகத்தில் சீனியர் காலத்திலிருந்தே உண்டு.

வேலை வடக்கே நகர்ந்தது 2011ல். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்ட ஆண்டுகளில் ராயபுரத்து மொட்டை மாடிகளில் துணி காயப்போட முடியாது. வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்த ஆண்டு அக்டோபர் முதல் சென்னையில் நிலக்கரி நின்றது. சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது, தூசி அத்திப்பட்டுக்கும் காட்டுக்குப்பத்துக்கும் குடிபெயர்ந்தது. இதை வெற்றி என்று மட்டும் சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை.

எண்ணூர்த் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம், 2001ல் தொடங்கப்பட்டபோதே வித்தியாசமானது. பெரிய துறைமுகங்களில் கம்பெனிச் சட்டப்படி நிறுவனமாக அமைந்த முதல் துறைமுகம் அது. 2020ல் மத்திய அரசின் பங்கைச் சென்னைத் துறைமுகமே வாங்கிக்கொண்டது. பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம், 2019ல் எல்.என்.ஜி. முனையம், வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் மாநில மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் மின் நிலையம். ஒவ்வொன்றும் ஒரு கட்டு ஒப்பந்தங்களைக் கூடவே கொண்டுவந்தது.

நிலக்கரிக் கப்பல் தகராறுகளில் முக்கால்வாசி தாமதக் கட்டணம் பற்றியவை. சரக்கு இறக்க இத்தனை நாள் என்று ஒப்பந்தம். தாண்டினால் நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் டாலர். மழை பெய்த நேரம் கணக்கில் வராது. அப்படியானால் மழை எப்போது பெய்தது, எப்போது விட்டது? இதற்குப் பதில் ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்’ என்ற தாளில் இருக்கிறது. கப்பல் வந்த நேரம், நங்கூரமிட்ட நேரம், கிரேன் நின்ற நேரம், மழை எல்லாம் மணி நிமிடத்தோடு அதில் வரும். கேப்டனும் ஏஜென்டும் கையெழுத்துப் போடுவார்கள். லண்டனில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு எண்ணூர் என்பது அந்தத் தாள் மட்டும்தான்.

ஒரு வழக்கில் அந்தத் தாள் ஒரு பிற்பகல் முழுக்க மழை என்றது. தாமதக் கட்டணமாக எதிர்த்தரப்பிடம் இவர்கள் கேட்டது பெரிய தொகை. மழையா இல்லையா என்பதில் பாதிக் கணக்கு நின்றது. அவருடைய ஜூனியர் துறைமுகப் பதிவேட்டை வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்து பெர்த்தில் அதே நேரம் இன்னொரு கப்பலில் சரக்கு இறங்கியிருந்தது. மழை இரண்டு பெர்த்துக்கும் பொதுதானே? அந்த ஒரு பக்க நகலும் ஒரு மேற்பார்வையாளரின் பிரமாணப் பத்திரமும் லண்டனுக்குப் போயின. எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. அதிலிருந்து அவர் கட்சிக்காரர்களிடம் முதலில் கேட்பது ஒப்பந்தத்தை அல்ல, பெர்த்தில் நின்றவரின் கைபேசி எண்ணை.

ஒப்பந்தத்தையும் படிக்கத்தான் வேண்டும். 2010ல் இந்தோனேசியா தன் நிலக்கரிக்கு அரசு நிர்ணயிக்கும் விலையைக் கொண்டுவந்ததும், மலிவு நிலக்கரியை நம்பி மின் விலை குறித்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். வெளிநாட்டுச் சட்டம் மாறியது எங்கள் கைமீறியது என்று வாதாடினார்கள். செலவு கூடியதாலேயே ஒப்பந்தம் முறிந்ததாகாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வரைக்கும் ‘கைமீறிய நிகழ்வு’ என்ற பிரிவைப் பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டிருந்த கம்பெனிகள், அதற்குப் பிறகுதான் அந்தப் பத்தியை உட்கார்ந்து எழுதச் சொன்னன.

வெளிநாட்டுக் கட்சிக்காரரிடமிருந்து பவர் பத்திரம் வாங்குவது தனிப் பாடு. முன்பெல்லாம் அவர் ஊர் நோட்டரி, பிறகு இந்தியத் தூதரகம் என்று வாரக் கணக்கில் அலைய வேண்டும். வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கை 2005 ஜூலையில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதைப் பெரிய நிறுவனங்களே மறந்துவிடும். கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்ற இயக்குநர் குழுத் தீர்மானம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது குமாஸ்தாவின் பொறுப்பு. நாலு வக்கீல் பார்த்து அனுப்பிய கட்டில் அந்த ஒரு தாள் இல்லாததை அவர் கண்டுபிடித்த சம்பவங்கள் நிறைய.

தொழிற்சாலைக்கோ கிடங்குக்கோ நிலம் தேடி வரும் கம்பெனிகள் வேறு ரகம். வெளிநாட்டுச் சட்ட நிறுவனம் நீளமான கேள்விப் பட்டியலை அனுப்பும். தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாம் சேகரித்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதலாம். ஆனால் இந்தப் பகுதியில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் உப்பளமும் சதுப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை இருக்கிறது. வரைபடத்தில் போட்ட கோட்டைத் தண்ணீர் மதிப்பதில்லை.

வல்லூர்ப் பக்கம் ஒரு நிலத்தைப் பார்க்க வழக்கறிஞரே போனார். காகிதத்தில் குறையே இல்லை. புன்செய், சுத்தமான உரிமை. வரப்பில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ‘வாங்கப் போறீங்களா சார்? ஐப்பசி, கார்த்திகையில ஒருவாட்டி வந்து பாருங்க. இங்கதான் நாங்க இறால் புடிப்போம்’ என்றார். வழக்கறிஞர் மறுபடி போனது அந்தக் கார்த்திகையில். முழங்கால் அளவு தண்ணீர். கட்சிக்காரருக்கு நீண்ட அறிக்கையோடு அந்தத் தண்ணீரின் புகைப்படத்தையும் வைத்தார். அவர்கள் வேறு நிலம் பார்த்துக்கொண்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது அந்தப் பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டார்.

எண்ணூர் வழியே நிலக்கரி உள்ளே வந்தது, கார்கள் வெளியே போயின. ஒரகடத்தில் தயாரான நிசான் கார்கள் 2010 முதல் இங்கிருந்து கப்பலேறின. அந்தத் தொழிற்சாலைக்காக 2008ல் தமிழக அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் வரிச் சலுகைகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி வரவில்லை என்று நிசான் சொன்னது. வழக்கு சென்னையில் வரும் என்றுதான் தெருவில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நிசானோ 2011ன் இந்தியா – ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, இந்திய அரசையே பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலம் கொடுத்த வாக்குக்கு மத்திய அரசு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2020ல் சமரசமாக முடிந்தது. கோட்டையில் கையெழுத்தாகும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு இவ்வளவு நீளமான கை உண்டு என்பதை அதிகாரிகளுக்கும் வக்கீல்களுக்கும் ஒரே நேரத்தில் கற்பித்தது அந்த விவகாரம்.

இதே ஆண்டுகளில் உயர் நீதிமன்ற வராண்டாவில் சூடாகப் பேசப்பட்டது ஏ.கே. பாலாஜி வழக்கு. சென்னை வழக்கறிஞர் ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை எதிர்த்து 2010ல் போட்ட மனு அது. வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே அலுவலகம் திறந்து தொழில் செய்யக் கூடாது; எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிப் போகலாம் என்று 2012 பிப்ரவரியில் சென்னைத் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அதைச் சில திருத்தங்களோடு ஏற்றது. 2023ல் இந்திய பார் கவுன்சில் பரஸ்பர அடிப்படையில் கதவைக் கொஞ்சம் திறந்தது, 2025ல் விதிகளைத் திருத்தியது. நீதிமன்றத்தில் ஆஜராவது மட்டும் இன்றும் நமக்கே.

லண்டன்காரர் வந்தால் நம் பிழைப்பு போய்விடும் என்று பயந்தவர்கள் அப்போது அதிகம். அவர் அந்தப் பயத்தில் சேரவில்லை. அவருடைய கவலை வேறு. லண்டன் நிறுவனம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதி, கேட்காத முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அஞ்சல் அலுவலகம் போல இருந்தால் அந்தச் சம்பளம்தான் கிடைக்கும் என்று ஜூனியர்களைக் கண்டிப்பார். மழைத் தாளும் கார்த்திகை நிலமும் யாரும் கேட்காமல் இவர்கள் சொன்னவை.

2017 ஜனவரி 28 விடியற்காலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயு இறக்கிவிட்டுக் கிளம்பிய பி.டபிள்யூ. மேப்பிளும், எரிபொருள் ஏற்றி உள்ளே வந்த டான் காஞ்சிபுரமும் மோதின. முதல் நாள் எண்ணெய்க் கசிவு இல்லை என்ற தகவல்தான் வெளியே வந்தது. அதற்குள் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கத் தொடங்கிவிட்டது. இளைஞர்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளிகளால் அதை அள்ளியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மீன் வாங்க ஆளில்லை. பழவேற்காடு மீனும் காசிமேட்டு மீனும் எண்ணெய் படாமலே விலை சரிந்தன.

அந்த விவகாரத்தில் எந்தத் தரப்புக்கும் அவர் ஆஜராகவில்லை. ஆனால் தெரிந்தவர் மூலம் மீனவர்கள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். கப்பல்காரர்களிடம் என்னென்ன காகிதம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்: கப்பலின் பயணப் பதிவுக் கருவி, ரேடியோ உரையாடல், சர்வேயர் அறிக்கை, கப்பலின் டன்னேஜை வைத்துப் பொறுப்புக்கு உச்ச வரம்பு கோரும் சட்ட உரிமை. எதிரே வந்து உட்கார்ந்தவர்களிடம் இருந்தது மீனவர் அடையாள அட்டையும் சங்கத்தின் சந்தா ரசீதும். ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாத்தியம் என்று கேட்டால், ‘சில நாள் ஆயிரம், சில நாள் டீசல் காசுகூட வராது சார்’ என்று உண்மையைச் சொன்னார்கள். அந்த உண்மையை ஆதாரமாக்க டீசல் சீட்டு, ஐஸ் பில், ஏலக்காரரின் நோட்டுப் புத்தகம் வேண்டும். ஏலக்காரர் நோட்டு வாரக் கடைசியில் கிழிக்கப்பட்டுவிடும். நிவாரணம் கடைசியில் குடும்பத்துக்கு இவ்வளவு என்ற சராசரிக் கணக்காகவே பேசப்பட்டது. அதிகம் இழந்தவருக்கும் கொஞ்சம் இழந்தவருக்கும் ஒரே தொகை. இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்கிறது.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது கேரளம் நடந்துகொண்ட விதம் அவருக்குப் பிடித்திருந்தது. மாநில அரசே உயர் நீதிமன்றத்துக்குப் போய் 9,531 கோடி ரூபாய் கேட்டது. மூழ்கிய கப்பலுக்குப் பதில் விழிஞ்ஞத்தில் நின்றிருந்த அதே குழுமத்தின் எம்.எஸ்.சி. அகிடெடா 2 கப்பலைப் பிடித்தது. அந்தத் தொகை முழுவதும் நிற்குமா என்பது வேறு கேள்வி. கேட்கவாவது வேண்டும், கப்பல் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் 1856ன் பில் ஆஃப் லேடிங் சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. கடல்வழிச் சரக்கு, வணிகக் கப்பல், துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் புதுச் சட்டங்கள் வந்திருக்கின்றன. அலுவலகத்தில் பழைய புத்தகங்களின் பக்கத்தில் புதிய அரசிதழ் அச்சுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஜூனியர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, கட்சிக்காரர்களுக்கு அனுப்பக் குறிப்பு எழுதுகிறார்கள்.

கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. மீனவக் கூட்டுறவுச் சங்கங்களுக்காகத் தமிழில் ஒரு பதிவேடு தயாராகிறது. தேதி, படகு எண், கிளம்பிய நேரம், டீசல் லிட்டர், ஐஸ், பிடிபட்ட மீன், ஏல விலை, ஏலக்காரர் கையெழுத்து என்று எட்டுப் பத்திகள். முதல் மாதிரியில் தண்ணீரின் நிறத்துக்கும் வாடைக்கும் இடமில்லை என்று காட்டுக்குப்பத்து மீனவர்கள் சொன்னார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்து வந்ததை நேரில் கண்டவர்கள் அவர்கள்தானே. ஒன்பதாவது பத்தி சேர்க்கப்பட்டது. அச்சகத்தில் கொடுத்திருக்கிறார்கள்.